குடல் அழற்சி நோயும் மூட்டுவலியும்: புதிதாக நோய் அறிந்தவர்களுக்குப் பாம்பன் கரையிலிருந்து ஒரு வழிகாட்டி

முழங்கால் வீங்கினாலோ இடுப்பு பிடித்துக்கொண்டாலோ மெடிக்கலுக்குப் போய், “கைகால் வலிக்கு ரெண்டு வேளைக்குக் குடுங்க” என்று கேட்டு, சிறு காகித உறையில் போட்டுத் தருவதை விழுங்கிவிட்டு வேலையைப் பார்ப்பது எங்கள் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்தில் பல வீடுகளின் வழக்கம். உறைக்குள் மஞ்சளில் ஒன்று, வெள்ளையில் ஒன்று, இளஞ்சிவப்பில் ஒன்று என்று கிடக்கும். அட்டையிலிருந்து பிதுக்கிப் போட்டுவிடுவதால் எதற்கும் பெயர் இராது. எனக்குப் பெருங்குடலில் அழற்சி, அதாவது உட்சுவர் சிவந்து வீங்கிப் புண்ணாகும் நோய், இருப்பது தெரிந்து ஐந்து மாதமே ஆகியிருந்த காலத்தில் நானும் அப்படித்தான் வாங்கினேன். மூன்றாம் நாள் முழங்கால் வீக்கம் வடிந்தது. ஆறாம் நாள் விடியற்காலையில், கரையில் மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தபோதே கணக்கு நோட்டைக் கீழே வைத்துவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினேன். ரத்தமும் சளியுமாகப் போயிற்று. பிறகு அதே கடைக்குச் சென்று, அன்று தந்த மாத்திரைகளின் அட்டைகளைக் காட்டச் சொல்லிக் கைப்பேசியில் படம் பிடித்து மருத்துவரிடம் காட்டினேன். ஒன்று டைக்ளோபினாக் என்னும் வலிநிவாரணி, ஒன்று தசையைத் தளர்த்துவது, மற்றொன்று வாயுத் தொல்லைக்கு உரியது. டைக்ளோபினாக்தான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றாலும், குடல் அழற்சி உள்ளவர்கள் அதைத் தாமாக வாங்கிச் சாப்பிடவே கூடாது என்று அவர் கூறினார்.

நான் மருத்துவன் அல்லன்; படகுகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். இந்த நோயோடு பல ஆண்டுகள் வாழ்ந்து, மருத்துவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றை, புதிதாக இந்த வரிசையில் வந்து நிற்பவர்களுக்காக, எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பிறகு செய்ய வேண்டும் என்ற ஒழுங்கில் எழுதுகிறேன்.

முதலில் நோயின் பெயரைச் சரியாகச் சொல்லுங்கள்

குடல் அழற்சி நோய் என்பது முக்கியமாக இரண்டு. வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரக்கூடிய, சிறுகுடலின் கடைசிப் பகுதியை அதிகம் பிடிக்கும் க்ரோன் நோய் ஒன்று; பெருங்குடலின் உட்சவ்வை மட்டும் புண்ணாக்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் மற்றொன்று. நம் ஊரில் “அல்சர்” என்றால் எல்லோரும் இரைப்பைப் புண்ணையே நினைக்கிறார்கள். மெடிக்கலில் “எனக்கு அல்சர் இருக்கு” என்றால், வலிநிவாரணியோடு பாண்டோபிரசோல் போன்ற மாத்திரை ஒன்றைச் சேர்த்துக் கொடுத்து, இனிப் பயமில்லை என்பார்கள். அந்த மாத்திரை இரைப்பையில் அமிலத்தைக் குறைத்து இரைப்பையைக் காக்கும். கீழே இருக்கும் சிறுகுடலையும் பெருங்குடலையும் அது காக்காது. நான் ஏமாந்தது இந்த இடத்தில்தான். ஆகவே “அல்சர்” என்று சொல்லாமல், “குடல் அழற்சி நோய், க்ரோன்” என்றோ “கொலைட்டிஸ்” என்றோ முழுப் பெயரையும் சொல்லிப் பழகுங்கள்.

குடலில் நோய் இருக்க முழங்கால் ஏன் வீங்க வேண்டும் என்று என் தாயார் பல நாள் கேட்டார். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் குடற்சுவரில் தவறாகத் தூண்டப்படும்போது, அந்தத் தூண்டல் அங்கேயே நின்றுவிடுவதில்லை; ரத்தத்தின் வழியே மூட்டு, கண், தோல் ஆகியவற்றையும் சென்று சேர்கிறது. குடலுக்கு வெளியே இந்நோய் தரும் தொல்லைகளில் மிகுதியாகக் காணப்படுவது மூட்டுத் தொல்லையே. சிலருக்கு மூட்டுவலி முதலில் வந்து, குடல் நோய் சில ஆண்டுகள் கழித்தே வெளிப்படுவதும் உண்டு.

அடுத்து, வலியை இனம் பிரியுங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, இரண்டு வாரத்துக்கு நாள்தோறும் எழுதுங்கள்: எந்த மூட்டு, எந்தப் பக்கம், வீக்கம் உண்டா, காலையில் எழுந்தபின் விறைப்பு எத்தனை நிமிடம் நீடிக்கிறது, ஓய்வில் குறைகிறதா நடந்தால் குறைகிறதா, அன்று எத்தனை முறை மலம் போனது, ரத்தம் இருந்ததா. ஒரு மாதம் கழித்து நினைவிலிருந்து சொல்வதைவிட, இந்த இரண்டு வாரக் குறிப்பு மருத்துவருக்கு எத்தனையோ மடங்கு உதவும். வீங்கிய மூட்டை அன்றே படம் எடுத்து வையுங்கள். மருத்துவரைப் பார்க்கும் நாளில் அது வடிந்து, ஒன்றும் நடக்காதது போல் இருக்கும்.

முழங்கால், கணுக்கால் போன்ற பெரிய மூட்டுகளில் ஐந்துக்கும் குறைவானவை, பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும், திடீரென வீங்கி, குடல் நோய் கிளர்ந்தெழும் அதே சமயத்தில் வந்தால், அது ஒரு வகை. குடல் அடங்கினால் இதுவும் அடங்கும். பெரும்பாலானோருக்குப் பத்து வாரங்களுக்குள் போய்விடும். மூட்டை அரித்துச் சிதைப்பது அரிது. இரண்டாம் வகையில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட மூட்டுகள், சிறப்பாகக் கைவிரல் கணுக்கள், வலிக்கும். குடல் நன்றாக இருந்தாலும் இது மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நீடிக்கக்கூடும். வீக்கம் எதுவும் இல்லாமல் வெறும் உளைச்சலாக வருவதும் உண்டு, அதுவும் மிகப் பரவலாக உண்டு. வீக்கம் இல்லை என்பதால் அது கற்பனை என்று வீட்டார் சொல்வதை நம்ப வேண்டாம்.

மூன்றாவதாக முதுகெலும்பு. இதைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கடலோரத்தில் இது ஆண்டுக்கணக்கில் கண்டுகொள்ளப்படாமல் போகிறது. இடுப்பெலும்பும் முதுகெலும்பும் சேரும் மூட்டில் அழற்சி உண்டாகும்போது, வலி புட்டத்தின் ஆழத்தில், ஒரு நாள் இடப்பக்கமும் மறுநாள் வலப்பக்கமுமாக மாறி மாறி வரும், பின்னிரவில் எழுப்பிவிடும், எழுந்து முற்றத்தில் நாலு நடை நடந்தால் குறையும், காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் குனிய முடியாத விறைப்பு இருக்கும். பெரும்பாலும் 45 வயதுக்கு முன்பே தொடங்கும். குடல் நோயின் ஏற்ற இறக்கத்தோடு இதற்குத் தொடர்பு இருக்க வேண்டியதில்லை. விசைப்படகில் வேலை செய்யும் இளைஞர் இதைச் சொன்னால், “வலை இழுத்த இடுப்பு, அப்படித்தான் இருக்கும்” என்று தைலம் தேய்த்துவிடுவார்கள். இரண்டையும் பிரித்தறிய நான் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அந்த இடுப்பு என்ன செய்கிறது என்று பாருங்கள். வலை இழுத்ததால் வந்த வலி என்றால், படகைக் கட்டிப் போட்ட சில வாரங்களில் தணிய வேண்டும். வேலை நின்று படுத்துக் கிடக்கும்போது வலி கூடுகிறது என்றால், அது அழற்சியால் வந்த வலியாக இருக்க வாய்ப்பு அதிகம். இது மருத்துவப் பரிசோதனை அல்ல, ஆனால் மருத்துவரிடம் போவதற்குப் போதுமான காரணம்.

குதிகாலின் பின்புறத்தில் நரம்பு போல் புடைத்திருக்கும் தசைநாண் எலும்பில் ஒட்டும் இடத்திலும், உள்ளங்காலிலும் வரும் வலி இதே குடும்பத்தைச் சேர்ந்தது. கால்விரலோ கைவிரலோ ஒரு கணு மட்டுமன்றி முழுதும் பருத்துவிடுவதும் அப்படியே.

எல்லா வலியையும் குடலின் தலையில் கட்டாதீர்கள்

தசைவலிக்குக் காரணம் பெரும்பாலும் வேறெங்கோ இருக்கும். நாள்தோறும் பலமுறை வயிற்றுப்போக்கு ஆகும்போது பொட்டாசியமும் மெக்னீசியமும் வெளியேறி, இரவில் கெண்டைக்காலைச் சுண்டி இழுக்கும். எங்கள் ஊர் வெயிலில் வியர்வையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அப்போது தேவை வலி மாத்திரை அல்ல, ஓ.ஆர்.எஸ். கரைசலும் ரத்தத்தில் உப்புகளின் அளவைப் பார்ப்பதும்தான். வைட்டமின் டி குறைந்தாலும் உடம்பு முழுக்க உளையும். கடற்கரை வெயிலிலேயே நிற்கிறோமே, நமக்கா குறையும் என்று நானும் கேட்டேன். குடல் உறிஞ்சாமல் போனாலும், முழுக்க மூடிய உடையோடு வேலை செய்தாலும் குறையத்தான் செய்யும். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் க்ரோன் உள்ளவர்களுக்கும், அப்பகுதியை அறுவையில் அகற்றியவர்களுக்கும் வைட்டமின் பி12 குறைந்து கைகால் மரத்துப்போகலாம்.

மருந்துகளும் வலி தரும். அழற்சியை விரைவாக அடக்கும் ஸ்டீராய்டு மருந்தை நீண்ட நாள் சாப்பிட்டவர்களுக்குத் தொடையிலும் தோளிலும் தசை பலவீனமாகி, வலி இல்லாமலே, குந்தி எழுவதும் படி ஏறுவதும் கடினமாகும். அதன் அளவைக் குறைக்கும்போது சில நாள் உடம்பு அடித்துப்போட்டாற்போல் வலிக்கும். அதற்காகத் தாமாகக் கூட்டவும் கூடாது, சட்டென நிறுத்தவும் கூடாது. ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு இடுப்பின் முன்புறம், கவட்டைப் பகுதியில் வலி தொடர்ந்து இருந்தால், தொடையெலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் குறைந்திருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும். எதிர்ப்பாற்றலை அடக்கும் அசாதயோபிரின் என்ற மருந்தைத் தொடங்கிய முதல் சில வாரங்களில் காய்ச்சலோடு மூட்டும் தசையும் வலித்தால் அது மருந்து ஒவ்வாமையாக இருக்கலாம். மருத்துவரிடம் அன்றே சொல்லுங்கள். சிப்ரோபிளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து சாப்பிடும்போது குதிகால் தசைநாண் வலித்தால், குறிப்பாக ஸ்டீராய்டும் கூடவே இருந்தால், அந்த நாண் அறுந்துபோகும் அபாயம் உண்டு.

சிக்குன்குனியாவையும் மறக்க வேண்டாம். 2006-இல் அது தமிழகத்தில் பரவியபோது மாதக்கணக்கில் சுவரைப் பிடித்து நடந்தவர்கள் நம் தெருவிலேயே இருந்திருப்பார்கள். காவிரித் தண்ணீர் வரும் நாளில் ட்ரம்மிலும் குடத்திலும் பிடித்து வைக்கும் வீடுகளில், மூடாத தண்ணீரில்தான் அந்தக் கொசு பெருகுகிறது. காய்ச்சலோடு தொடங்கிய மூட்டுவலி என்றால் அதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

எப்போது நோட்டை மூடிவிட்டு ஓட வேண்டும்

ஒரே ஒரு மூட்டு நெருப்பாய்ச் சுட்டு, சிவந்து, காய்ச்சலும் இருந்தால், உள்ளே சீழ் பிடித்திருக்கலாம். எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு இது சில மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் காட்ட வேண்டிய விஷயம். கண் சிவந்து வலித்து வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் போனால், அதை “கண்வலி” என்று விட்டுவிடாமல் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், அதைத் தசைப்பிடிப்பு என்று நினைத்து உருவிவிடாதீர்கள். குடல் நோய் கிளர்ந்திருக்கும் காலத்தில் ரத்தம் கட்டியாக உறையும் போக்கு கூடும். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் மூச்சுத் திணறும், உயிருக்கே ஆபத்து. இடுப்புவலியோடு சிறுநீர் கட்டுப்படாமல் போவதும், தொடை இடுக்கு மரத்துப்போவதும்கூட அவசர நிலையே.

மருத்துவரிடம் போகும் நாள்

இராமநாதபுரத்தில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியபின், முதல் கட்டப் பரிசோதனைக்கு மதுரைக்கு ஓட வேண்டிய தேவை குறைந்திருக்கிறது. குடல் சிறப்பு மருத்துவரையும் மூட்டழற்சிச் சிறப்பு மருத்துவரையும் பார்க்க வேண்டும் என்று சொன்னால், பெரும்பாலோர் மதுரைக்கே போகிறோம். இராமேசுவரத்திலிருந்து சுமார் 170 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் போய்விட்டு, “பழைய ரிப்போர்ட் வீட்டில் இருக்கிறது” என்று சொல்லி நிற்பது பெரிய கொடுமை. எண்டோஸ்கோப்பி (குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பது), சதைப் பரிசோதனை முடிவுகள், சாப்பிடும் எல்லா மருந்துகளின் அட்டைகள், முன்சொன்ன நோட்டு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை ஆகியவற்றை முந்தின இரவே ஒரு பையில் போட்டுவிடுங்கள். குடல் மருத்துவரிடம் மூட்டைப் பற்றியும், எலும்பு மருத்துவரிடம் குடலைப் பற்றியும் நீங்களாகவே சொல்ல வேண்டும். அவரவர் கேட்க மாட்டார்கள் என்று வைத்துக்கொண்டு பேசுவது நல்லது.

ரத்தத்தில் அழற்சியின் அளவைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., ரத்த அணுக்கள், வைட்டமின் டி, பி12 ஆகியவற்றையும், மலத்தில் கால்புரொடெக்டினையும் பார்க்கச் சொல்வார்கள். கடைசியாகச் சொன்னது குடலில் அழற்சி இருக்கிறதா என்று, குழாய் விடாமலே ஒரு குறிப்புத் தரும். இடுப்பெலும்பும் முதுகெலும்பும் சேரும் மூட்டுக்கு எக்ஸ்-ரே எடுப்பார்கள். அது தொடக்கத்தில் சாதாரணமாகத் தெரிவது வழக்கம் என்பதால், ஐயம் வலுவாக இருந்தால் எம்.ஆர்.ஐ. தேவைப்படும். முதுகெலும்பு அழற்சியோடு தொடர்புடைய எச்.எல்.ஏ. பி27 என்ற மரபணுவுக்கான பரிசோதனையில் “இல்லை” என்று வந்தாலும் முதுகெலும்பு அழற்சி இல்லை என்று ஆகிவிடாது. குடல் நோயோடு வருபவர்களில் பலருக்கு அது இல்லாமலே இருக்கும்.

மருந்துகளைத் தெரிந்து சாப்பிடுங்கள்

டைக்ளோபினாக், அசெக்ளோபினாக், ஐபுப்ரோபன், நாப்ராக்சன், நிமெசுலைடு, மாதவிலக்கு வலிக்குத் தரும் மெபெனமிக் அமிலம்: அட்டையின் பின்புறம் இந்தப் பெயர்களில் ஒன்றைப் பார்த்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். ஊசியாகப் போட்டால் குடலைத் தொடாது என்பது தவறு. ரத்தத்தின் வழியே போய் அதே வேலையைத்தான் செய்யும். இவை எல்லோருக்கும் எப்போதும் நஞ்சு என்று நான் சொல்லவில்லை. குடல் அடங்கியிருக்கும்போது, முதுகெலும்பு வலிக்குக் குறுகிய காலத்துக்கு இவ்வகை மருந்தை, குறிப்பாக செலிகாக்சிபை, மருத்துவர் தந்து கண்காணிப்பது உண்டு. அது அவர் முடிவு. பெயர் தெரியாத உறை மாத்திரைகளில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டும் இருக்கக்கூடும் என்பதால்தான் அவை அவ்வளவு சீக்கிரம் கேட்கின்றன.

வலி தாங்கவில்லை என்றால் பாராசிட்டமால் பாதுகாப்பானது. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு, என்பது எல்லைக்கோடு. எடை குறைந்தவர்களும் ஈரல் கோளாறு உள்ளவர்களும் மது அருந்துபவர்களும் அதைவிடக் குறைவாகவே எடுக்க வேண்டும். அசெக்ளோபினாக்கும் பாராசிட்டமாலும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருவது நம் கடைகளில் சாதாரணம். பாராசிட்டமால் என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள்.

முதல் வகை மூட்டு வீக்கத்துக்கு உண்மையான மருந்து, குடலை அடக்குவதே. சல்பாசலசின் என்ற பழைய மருந்து குடல், மூட்டு இரண்டுக்கும் உதவும். ஸ்வீடன் மருத்துவர் நன்னா ஸ்வார்ட்ஸ் மூட்டு நோய்க்காக உருவாக்க முனைந்த மருந்து அது. குடலுக்கும் பயன்படுவது சிகிச்சையின்போது தெரியவந்தது. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்பட வேண்டாம். ஆண்களுக்கு விந்தணு எண்ணிக்கை குறையும், நிறுத்தினால் சில மாதங்களில் மீளும். குழந்தைக்குக் காத்திருக்கும் தம்பதியர் இதை முன்பே சொல்ல வேண்டும். சல்பா வகை மருந்துகள் ஒவ்வாதவர்களுக்கு ஆகாது. முதுகெலும்பு வலிக்கு இது உதவுவதில்லை. எதிர்ப்பாற்றலை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தை எழுதித் தந்தால், அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி, நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து, கருவுற்றிருந்தால் தொடவே கூடாது.

இவற்றுக்கு மசியாவிட்டால் இன்பிளிக்சிமாப், அடலிமுமாப் போன்ற உயிரியல் மருந்துகள் (உயிருள்ள செல்களைக் கொண்டு தயாரிப்பவை) வரும். இவை குடலையும் மூட்டையும் முதுகெலும்பையும் ஒருங்கே பார்ப்பவை. தொடங்கும் முன் காசநோய் உள்ளே உறங்கிக் கிடக்கிறதா என்று மார்பு எக்ஸ்-ரேயும் பிற பரிசோதனையும் கட்டாயம் செய்ய வேண்டும். மூட்டுக்கு மட்டும் பார்க்கும் மருத்துவர், இதே உயிரியல் வகையைச் சேர்ந்த எடனர்செப்டோ செக்குகினுமாபோ எழுதினால், குடல் நோய் இருப்பதை நினைவூட்டுங்கள். முன்னது குடலுக்கு உதவாது, பின்னது க்ரோனைக் கிளறிவிடக்கூடும். வெடோலிசுமாப் என்ற உயிரியல் மருந்து குடலில் மட்டுமே பெரிதும் வேலை செய்வதால், குடல் அடங்கியும் மூட்டு வலிப்பது அதில் நடக்கக்கூடியதே.

அடலிமுமாப் ஊசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மதுரையில் வாங்கிக்கொண்டு வந்த முதல் தடவை, நம் கையில் இல்லாத ஐஸா என்று, மீன் வைக்கும் தெர்மாகோல் பெட்டியில் நொறுக்கிய ஐஸுக்குள் ஊசியைப் புதைத்து எடுத்து வந்தேன். வீட்டில் பார்த்தால் மருந்து உறைந்திருந்தது. உறைந்ததை உருக்கினாலும் பயன்படுத்தக் கூடாது. அவ்வளவு பணமும் போயிற்று. ஐஸ் பையைத் துணியில் சுற்றி, இடையில் ஓர் அட்டையைத் தடுப்பாக வைத்து, ஊசி ஐஸில் நேரடியாகப் படாமல் கொண்டுவர வேண்டும்.

தைலம் தேய்ப்பதை நான் தடுக்கமாட்டேன், சிவந்து சுடும் மூட்டைத் தவிர. உள்ளுக்குச் சாப்பிடும் “வாதப் பொடி” எதுவாயினும், உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதித் தராதவர்களிடம் வாங்க வேண்டாம்.

அன்றாடம்

விறைப்புக்கு வெந்நீர்க் குளியலும் அசைவும்தான் மருந்து. முதுகெலும்பு நோய் உள்ளவர்கள் ஓய்வெடுத்தால் இறுகிப்போவார்கள். மாலையில் நடங்கள், ஆனால் காய்ந்த பொலபொலத்த மணலில் அல்ல, அலை நனைத்து இறுகிய ஈர மணலில். குதிகால் வலி உள்ளவர்களுக்கு இந்த வேறுபாடு ஒரே நாளில் தெரியும். கடற்பாசி எடுக்கப் போகும் பெண்கள், மூட்டு வீங்கியிருக்கும் நாட்களில் பாறையில் முழங்காலை ஊன்றாமல் இருக்க வேண்டும். தண்ணீரில் நீந்துவது தீங்கில்லை. பீடியை விடுங்கள், க்ரோன் உள்ளவர்கள் கட்டாயமாக. மூட்டுவலியைத் தீர்க்கும் தனி உணவு என்று ஒன்றும் இல்லை. குடல் கிளர்ந்திருக்கும்போது முண்டு மிளகாயைக் குறைத்துக்கொண்டு, குழைந்த சோறும் முள்ளோடு மெல்லக்கூடிய நெத்திலியும் சாப்பிட்டால் கால்சியமும் கிடைக்கும். க்ரோன் நோயால் குடல் சுருங்கியவர்களுக்கு முள் ஆகாது.

கடைசியாக ஒரு வேலை. ஓர் அட்டையில் இப்படி எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்: “எனக்குக் குடல் அழற்சி நோய் உள்ளது. டைக்ளோபினாக் வகை மாத்திரையோ ஊசியோ வேண்டாம். பெயர் தெரியும்படி அட்டையோடு தரவும்.” கீழே உங்கள் மருந்துகளின் பெயர்கள், உங்கள் மருத்துவரின் தொலைபேசி எண். என்னுடையது வியர்வையில் நைந்து, இப்போது மூன்றாவது அட்டை.